ஆண் கூலி, பெண் கூலி: தக்காளிக் காட்டிலிருந்து ஓசூர் கம்பெனி வரை

மாரண்டஅள்ளிக்காரி எழுதியது:

எங்கள் பக்கம் தக்காளி பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது. குனிந்து பறிக்கிற பெண்ணுக்கு 350 ரூபாய். பறித்ததைக் கிரேடு என்கிற பெட்டியில் நிரப்பி வண்டிக்குத் தூக்குகிற ஆணுக்கு 650. ஒரே காடு, ஒரே நாள், கூலி கொடுப்பவரும் ஒரே ஆள். பறிக்கிற பெண்களிடம் கேட்டால், "அது எப்பவும் அப்படித்தானே" என்று வேலையைப் பார்க்கிறார்கள்.

சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று அரசியலமைப்பின் 39வது பிரிவு சொல்கிறது. அதற்காக 1976-ல் தனிச் சட்டமே வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகிவிட்டது, காட்டில் அதன் வாசனைகூட இல்லை. ஏன்?

இன்னொரு காரணத்துக்காகவும் கேட்கிறேன். அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஓசூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க ஊருக்கே வேன் வருகிறது. விடுதி, சாப்பாடு, கையில் மாதச் சம்பளம் என்கிறார்கள். காட்டில் நடக்கிற இந்தப் பாகுபாடு கம்பெனியில் இருக்காது என்று அண்ணன் நம்புகிறார். உள்ளே வேலை செய்பவர்கள் நிஜத்தைச் சொல்லுங்கள்.

---

ஓசூர்_பி_ஷிப்ட் எழுதியது:

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி அக்கா. லைனில், அதாவது பொருள் தயாராகிற வரிசையில், நிற்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பள கிரேடு என்றால் ஒரே சம்பளம்தான். சம்பளச் சீட்டை அருகருகே வைத்துப் பார்த்தால் பேசிக், டி.ஏ., பி.எஃப். பிடித்தம், இ.எஸ்.ஐ., கேன்டீன் எல்லாம் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு வரி மட்டும் மாறும், அட்டெண்டன்ஸ் போனஸ். மாதத்தில் ஒரு நாள் சொல்லாமல் லீவு போட்டால் எங்களிடம் அது முழுசாகப் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவது யார்? புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் இதே கம்பெனியில் வேலை செய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பணம் பெண்ணின் சீட்டிலிருந்துதான் போகும். விதி இருவருக்கும் பொது, பாதிப்பு ஒருவருக்கு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் லைனில் பத்துப் பேர் நின்றால் ஏழெட்டுப் பேர் பெண்கள். அந்த லைன் நின்றுபோனால் ஓடிப்போய்ச் சரி செய்கிற எங்கள் பிரிவில் ஒரு பெண்கூட இல்லை. எங்களுக்கு இன்க்ரிமென்ட் உண்டு, அடுத்த பதவி உண்டு, வெளியே போனால் வேறு கம்பெனியில் கேட்டு வாங்க ஒரு கைத்தொழில் இருக்கிறது. லைனில் மூன்று வருடம் ஒரே ஸ்க்ரூவை முறுக்கிய பெண்ணுக்கு அடுத்த கம்பெனியிலும் முதல் நாள் சம்பளம்தான் கிடைக்கும்.

---

சொட்டுநீர் எழுதியது:

ராயக்கோட்டை பக்கம் மூன்று ஏக்கர் தக்காளி போடுகிறவன் நான். விவசாயியின் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நாற்று, குச்சி, சணல், மருந்து, சொட்டுநீர்க் குழாய், பறிப்புக் கூலி, மண்டிக் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியது என்று டிவியில் எல்லாரும் பேசினார்கள். அதே தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியோடு விட்ட வருடங்கள் எத்தனை! அதைப் பேச யாரும் வரவில்லை.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். ஆண் ஆள் காலை 7 மணிக்கு வந்து 4 மணிக்குப் போகிறார். பெண்கள் 9 மணிக்கு வந்து 3 மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நேரமே வேறு, வேலையும் வேறு. 25 கிலோவுக்கு மேல் வரும் கிரேடைத் தோளில் ஏற்றி ஈரக் காட்டில் நடப்பதற்கும் பறிப்பதற்கும் ஒரே கூலி என்றால் தூக்க ஆள் வரமாட்டான். இதைப் பாகுபாடு என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

சொட்டுநீர் அண்ணன் கொடுத்த நேரத்தை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். நான் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன், இதைத்தான் வகுப்பிலும் சொல்வேன்.

நாள் கணக்கில் பார்த்தால் 650-க்கு 350, அதாவது ஆணின் கூலியில் 54 சதவீதம். மணிக் கணக்கில் பார்த்தால் ஆணுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு 72 ரூபாய் வீதம், பெண்ணுக்கு ஆறு மணி நேரத்துக்கு 58 ரூபாய் வீதம். இப்போது 81 சதவீதம். ஆக, இடைவெளியில் பாதிக்கு மேல் நேரத்தால் வந்தது. அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீதி 19 சதவீதம் அப்படியே நிற்கிறது, அதற்கு நேரம் காரணம் இல்லை.

பொருளியலில் இப்படிப் பிரித்துப் பார்க்கிற முறைக்கு ஓஹாக்கா–பிளைண்டர் என்று பெயர். 1973-ல் இரண்டு பேர் தனித்தனியாக எழுதியது. படிப்பு, அனுபவம், நேரம், தொழில் இவற்றால் எவ்வளவு இடைவெளி வருகிறது, இவை எல்லாம் சமமாக இருந்தும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அது பிரிக்கும். மிஞ்சுவதைப் பாகுபாட்டின் அடையாளமாகப் படிப்பார்கள். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'தொழில்' என்பதையும் காரணங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால், தூக்குகிற வேலை வேறு, பறிக்கிற வேலை வேறு, எனவே இடைவெளிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று கணக்கு மூடிக்கொள்ளும். பெண் ஏன் எப்போதும் பறிக்கிற பக்கமே நிற்கிறாள் என்ற கேள்வி கணக்குக்கு வெளியே போய்விடும். மெயின்டெனன்ஸ் பிரிவைப் பற்றித் தம்பி எழுதியதும் இதுதான்.

இன்னொரு தகவல். மாநில வாரியாக ஊரகக் கூலியை ஒப்பிட்டு, தமிழ்நாட்டில் விவசாயக் கூலி தேசிய சராசரியைவிட அதிகம் என்று செய்தி வரும். ரிசர்வ் வங்கிக் கையேட்டிலிருந்து எடுக்கிற அந்த அட்டவணை ஆண்களின் கூலியைக் காட்டுவது. பெண்களின் கூலியைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். தேடுகிறவர்கள் குறைவு.

---

அரூர்_அக்கா எழுதியது:

> பெண்கள் 9 மணிக்கு வந்து 3 மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள்

9 மணிக்கு முன்னால் அந்தப் பெண் தூங்கிக்கொண்டா இருந்தாள் அண்ணா? விடிவதற்கு முன் எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் காட்டுக்கு வருகிறாள். 3 மணிக்குப் போவதும் ஓய்வெடுக்க இல்லை. மறுபடி பால், புல், விறகு, அடுப்பு. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. அந்த மூன்று மணி நேரக் கூலி எங்கே போனது என்பதற்கு இதுதான் பதில்.

அப்புறம், 'வேலையே வேறு' என்பதைப் பற்றி. எங்கள் பக்கம் புளி சீசனில் மாசி தொடங்கி வீட்டுத் திண்ணை எல்லாம் புளிதான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுத்துப் பூப்புளியாக்கி வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு. அங்கே ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கிடையாது, ஒரே ரேட்டு. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஒரு ஆண்கூட அந்த வேலைக்கு உட்காருவதில்லை, ஏனென்றால் நாள் முழுக்கத் தட்டினாலும் நூறு நாள் வேலைச் சம்பளம் தேறாது. புளி அமிலத்தில் விரல் நுனி வெந்து தோல் உரிந்திருக்கும். உப்பு போட்ட சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிற பெண்களை என் தெருவிலேயே காட்டுவேன். பெண்கள் மட்டும் செய்கிற வேலை என்றால் ரேட்டு அங்கேயே நின்றுபோகும்.

இயந்திரம் வரும்போது பாருங்கள். களைக்கொத்தால் களை எடுத்தவரை அது பெண் வேலை, பெண் கூலி. களை எடுக்கிற மெஷின் வந்ததும் அதை ஓட்டுவது ஆண், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக் கணக்கு. வேலை அதே களைதான்.

---

பென்னாகரம்_மேஸ்திரி எழுதியது:

களை மெஷின் விஷயத்தில் அக்கா சொல்வது கட்டட வேலையில் இன்னும் பச்சையாகத் தெரியும். நாங்கள் இருபது குடும்பம் பெங்களூரில் சைட்டில் இருக்கிறோம். தருமபுரி, பென்னாகரம், ஏரியூர் ஆட்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர்.

சைட்டில் ஆணுக்கு முதல் வேலை பெரியாள். கலவை போடுவான், கல் எடுத்துக் கொடுப்பான். இரண்டு வருடத்தில் கொத்தனார் பக்கத்தில் நின்று கரண்டி பிடிக்கக் கற்றுக்கொள்வான். சும்மா இருக்கிற நேரத்தில், "இந்த வரிசையை நீ வைடா" என்று கொத்தனாரே கொடுப்பார். பிறகு அவன் கொத்தனார், பிறகு மேஸ்திரி. கூலி ஒவ்வொரு படியிலும் ஏறும். நான் அப்படித்தான் வந்தேன்.

பெண் சித்தாளாக வருவாள், சித்தாளாகவே வயதாகிப் போவாள். என்னோடு அதே வருடம் வேலைக்கு வந்தவள் என் மனைவி. மட்டம் பார்ப்பதில், கலவைப் பதம் பார்ப்பதில் அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. பூச்சு வேலை முழுசாகத் தெரியும், எங்கள் வீட்டுப் பின்சுவரைப் பூசியது அவள்தான். சைட்டில் அவள் கரண்டி எடுத்தால் எஞ்சினியர் முதல் என்னுடைய ஆட்கள் வரை வேடிக்கை பார்க்கிறார்கள். இன்றும் அவள் கையில் வாங்குவது என் கூலியில் பாதிக்கும் குறைவு. எனக்கும் அவளுக்கும் கணக்குப் பார்த்தால் சட்டத்துக்கு ஒன்றும் சொல்ல இருக்காது, நான் மேஸ்திரி, அவள் சித்தாள். அவளுக்குக் கரண்டியை யாரும் கொடுக்கவில்லை என்பதை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

இப்போது என் குழுவில் இரண்டு பெண்களைப் பூச்சில் நிறுத்தியிருக்கிறேன், ஒருவர் என் மனைவி. கொத்தனார் கூலிதான் போட வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் தகராறு நடக்கிறது. பாதி வழி வந்திருக்கிறார்.

---

ஊத்தங்கரை_95 எழுதியது:

எல்லாரும் ஆண், பெண் என்று பேசுகிறீர்கள். சம்பளம் ஏறாததற்குக் காரணம் வட மாநிலத்து ஆட்கள். குறைந்த சம்பளத்துக்கு வந்து நிற்கிறார்கள், நம் பையன்களுக்கு வேலை இல்லை. முதலில் அதைப் பேசுங்கள்.

---

ஓசூர்_பி_ஷிப்ட் எழுதியது:

தம்பி, எங்கள் கம்பெனி விடுதியில் ஜார்க்கண்ட், ஒடிசா பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் பெண்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் அவர்களுக்கும். அவர்களும் பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் தம்பி தங்கை படிக்கப் பணம் அனுப்புகிற பிள்ளைகள். நினைத்தபோது ஊருக்குப் போக முடியாத தூரம் என்பதால் லீவு போட மாட்டார்கள், ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலைக்கு மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சிக்குப் பிடித்திருக்கிறது. சம்பளத்தைக் குறைப்பது அந்தப் பிள்ளை இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுக்கிற நடுவாள். பெங்களூர் சைட்டில் இருக்கும் நம் பென்னாகரத்து ஆட்களைப் பற்றி அங்கே ஒருவர் இதே வார்த்தையைச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

---

பென்னாகரம்_மேஸ்திரி எழுதியது:

சொல்லத்தான் செய்கிறார்கள். அதைக் கேட்டு வந்தவன் நான். இதோடு விடுங்கள், அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம்.

---

முன்னாள்_லைன்_லீடர் எழுதியது:

மாரண்டஅள்ளி அக்கா, உங்கள் அண்ணன் மகள் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அதனால் விவரமாக எழுதுகிறேன். ஊர் காவேரிப்பட்டணம். பிளஸ் டூ முடித்து ஓசூர் போனேன், லைன் லீடர் வரை வந்தேன், இப்போது வீட்டில் இருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். என் பெயரில் வங்கிக் கணக்கு, என் பெயரில் பி.எஃப். நம்பர். அப்பா கேட்டு வாங்குவதற்கும் நான் கொடுப்பதற்கும் இருந்த வித்தியாசம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. தங்கை நர்சிங் படித்தது என் சம்பளத்தில். 17 வயதில் பேசிக்கொண்டிருந்த கல்யாணம் அப்படியே தள்ளிப்போனது. இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை. கம்பெனி வேண்டாம் என்று அந்தப் பிள்ளையை யாரும் பயமுறுத்தாதீர்கள்.

அடுத்ததையும் தெரிந்துகொள்ளட்டும். ஆளெடுக்கும்போது 18-லிருந்து 25 வயது வரை, கல்யாணமாகாத பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். பேப்பரில் அப்படி எழுதமாட்டார்கள், வேனில் வருகிற ஆள் வாயால் சொல்வார். முதல் வருடம் ட்ரெய்னி, அடுத்து ஏஜென்சி பேரில் காண்ட்ராக்ட். ஒரே லைனில் ஒரே வேலை, எனக்குப் பக்கத்தில் நின்ற பர்மனென்ட் அண்ணனின் சம்பளம் என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவர் பழைய பேட்ச். நாங்கள் வந்த பிறகு லைனில் யாரையும் பர்மனென்ட் ஆக்கவில்லை.

லைன் லீடர் ஆனபோது மூன்று ஷிப்டும் சுற்ற வேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்கு முன் சுற்றினேன். பிள்ளை பிறந்த பிறகு காலை ஷிப்டுக்கு 4.40-க்கே ரோட்டில் நிற்க வேண்டும், 5 மணிக்குக் கம்பெனி பஸ். அந்த நேரத்துக்குக் கைக்குழந்தையை எழுப்பி எங்கே விடுவது? ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறுச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியிலும் ஒரு அறை இருந்தது, சுவரில் யானைப் படம் வரைந்து. குழந்தையை வைத்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸில் ஏறக்கூடாது என்பது பஸ் விதி! அந்த அறையில் ஒரு குழந்தையையும் நான் பார்த்ததில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் வேலையை விட்டேன்.

என்னோடு சேர்ந்த பெண்களில் இன்று வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாரும் ஏதோ ஒரு காரணம் சொல்லி, கல்யாணம், பிரசவம், மாமியார் என்று, 'தானாக' விட்டவர்கள். கம்பெனிக் கணக்கில் எங்களை யாரும் நிறுத்தவில்லை.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

இந்தப் பதிவைப் படித்துவிட்டு வேறு எதுவும் செய்ய ஓடவில்லை. இதைச் சேர்த்துவிட்டுப் போகிறேன்.

2023-ல் பொருளியல் நோபல் பரிசு கிளாடியா கோல்டினுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் இருநூறு வருடத் தரவுகளைத் தோண்டி எடுத்து அவர் காட்டியவற்றில் ஒன்று, இன்று அங்கே மிஞ்சி இருக்கிற இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில், அதுவும் முதல் குழந்தை பிறந்த பிறகு திறக்கிறது என்பது. எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறவருக்கு அதிகச் சம்பளம் கொடுக்கிற வேலைகளில் அந்த இடைவெளி பெரிதாகிறது. அது வக்கீல்களையும் மேலாளர்களையும் பற்றிய ஆராய்ச்சி. மூன்று ஷிப்டும் சுற்றினால்தான் லீடர் என்ற ஓசூர் விதிக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு சிக்கல். வேலையை விட்டுவிட்ட பெண்ணின் சம்பளம் எந்தச் சராசரியிலும் வராது. இடைவெளியைக் கணக்கிடும்போது வேலையில் இருக்கிற பெண்களை மட்டுமே ஆண்களோடு ஒப்பிடுகிறோம். அவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகாத இளம்பெண்கள் என்றால், இருக்கிற இடைவெளியைவிடச் சின்னதாகவே எண்ணில் தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஏமாற்று உண்டு. இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்கள் பங்கு 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24-ல் 41.7 சதவீதமாக ஏறியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஏற்றத்தின் பெரும்பங்கு கிராமத்தில், சுயவேலையில். சொந்த மாடு, சொந்தக் காடு, குடும்பக் கடை. அதில் கைக்குச் சம்பளமே வராத உதவியாளர்களும் சேர்த்தி. முன்னாள் லைன் லீடர் வீட்டில் இரண்டு மாடு வைத்திருந்தால் அந்தக் கணக்கில் அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்.

---

முன்னாள்_லைன்_லீடர் எழுதியது:

ஒரு மாடு, ஒரு கன்று சார்.

---

கிருஷ்ணகிரி_வக்கீல் எழுதியது:

சட்டப் பக்கம் யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். தொழிலாளர் வழக்குகள்தான் நடத்துகிறேன்.

1976-ஆம் வருடத்துச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அதைச் சேர்த்துவிட்டார்கள், அது 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. வாசகம் ஏறக்குறைய பழையதுதான்: ஒரே முதலாளி, ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்றால் பாலினத்தைக் காட்டிச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டக்கூடாது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இவற்றை வைத்து ஒத்த தன்மையைப் பார்க்க வேண்டும்.

இந்த வாசகத்தில் இரண்டு கதவு திறந்தே இருக்கிறது. ஒன்று 'ஒரே முதலாளி'. பர்மனென்ட் ஆளுக்குக் கம்பெனி முதலாளி, காண்ட்ராக்ட் பெண்ணுக்கு ஏஜென்சி முதலாளி. லைன் ஒன்றாக இருந்தும் காகிதத்தில் இரண்டு முதலாளிகள். தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது பஞ்சாப் அரசு ஊழியர்கள் வழக்கு. தனியார் காண்ட்ராக்டுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது, வேறு வழியில் வாதாட வேண்டியிருக்கும்.

இரண்டாவது கதவு 'ஒத்த தன்மை'. தக்காளிக் காட்டில் முதலாளி ஒருவர்தான். ஆனால் பறிப்பது வேறு, தூக்குவது வேறு என்பார்கள். ஆறு மணி நேரம் குனிந்தே இருப்பது உழைப்பில் குறைவா என்று ஒரு நீதிபதியின் முன் வைத்து வாதாட எனக்கு ஆசை. வழக்குப் போட ஒரு பெண் வர வேண்டுமே. அடுத்த நாள் அதே காட்டில்தான் அவளுக்கு வேலை.

அதனால் நடைமுறையில் காட்டுக் கூலியை ஏற்றியது வழக்கு இல்லை, நூறு நாள் வேலை. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, 2025-26-ல் நாளுக்கு 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். கைக்கு முழுசாக வராத நாட்களும், மாதக்கணக்கில் பாக்கி நின்ற காலமும் உண்டு. ஆனாலும் காட்டுக்காரர் 200 தருகிறேன் என்று கூப்பிட்டால், "ஏரி வேலைக்குப் போறேன்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

---

சொட்டுநீர் எழுதியது:

அது நிஜம். நூறு நாள் வேலை வந்த பிறகு பெண் ஆளுக்கு நாங்கள் கூலி ஏற்றினோம், வேறு வழி இல்லை. அப்போது திட்டினேன், இப்போதும் வேலை அதிகமான மாதங்களில் கஷ்டம்தான்.

அரூர் அக்கா எழுதியதைப் படித்தபின் வீட்டில் பேசினேன். என் மனைவியும் எங்கள் காட்டிலேயே பறிக்கிறாள், அவளுக்குக் கூலி எதுவும் இல்லை என்பதைச் சொல்லிக் காட்டினாள். பறிப்புக்கு மணிக் கணக்குக் கூலி வைத்தால் என்ன என்று யோசிக்கிறேன். காலை 7-க்கு வர முடிகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் மண்டியில் விலை நிலையாக இல்லாமல் எங்கள் கையால் மட்டும் இது முடியாது. அதையும் ஒருவர் எழுதுங்கள்.

---

அரூர்_அக்கா எழுதியது:

நன்றி அண்ணா. மண்டி விலை பற்றி நீங்கள் சொல்வது நியாயம். காட்டுக்காரர் தலையில் மட்டும் ஏற்றுகிற எண்ணம் எனக்கும் இல்லை.

வழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானபின் எங்கள் ஊரிலிருந்து அரூர், தருமபுரி ஜவுளிக் கடைகளுக்குப் பெண்கள் போகிறார்கள். முன்பு சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடும், அதனால் புளி தட்டினால் போதும் என்று இருந்தார்கள். இப்போது வியாபாரியிடம், "நான் டவுனுக்குப் போறேன்" என்று சொல்ல முடிகிறது. கடையில் நாள் முழுக்க நிற்க வைக்கிற கொடுமை இருந்தது. உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் பெண்கள் போகிற ஒரு கடையில் நாற்காலி இருக்கிறது, உட்காரத்தான் விடுவதில்லை. ஆனாலும் போகிறார்கள். வேறு இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ரேட்டு அசையும். கூலி பேசப் போகிறவளுக்குக் கையில் இரண்டாவது வேலை இருக்க வேண்டும்.

---

மாரண்டஅள்ளிக்காரி எழுதியது:

எல்லாப் பதிவையும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். முன்னாள் லைன் லீடர் எழுதியதை அண்ணி இரண்டு முறை படிக்கச் சொன்னார். அண்ணன் மகளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் மெயின்டெனன்ஸ் பிரிவின் கதவும் கொத்தனாரின் கரண்டியும் களை மெஷினும் நம் பெண்களுக்கு எட்டாமலே இருக்கும். சம்பளம் ஏறுகிற வேலைக்குள் போக வேண்டும், அதைக் கேட்க வேண்டும்.

அவள் கேட்கிறாள்: லைனுக்குப் போகாமல் நேராக மெயின்டெனன்ஸ் மாதிரி வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் எடுத்தவள். அரசுப் பள்ளி. வீட்டில் செலவு செய்ய வசதி இல்லை.

---

ஓசூர்_பி_ஷிப்ட் எழுதியது:

இரண்டு வழி இருக்கிறது பாப்பா. கணிதம், அறிவியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், இரண்டு வருடத்தில் டிப்ளமா கையில். எலக்ட்ரிக்கல் அல்லது மெக்கட்ரானிக்ஸ் பார். இன்னொன்று அரசு ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையம். ஃபீஸ் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. நீ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 தனியாக வரும். அது டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் சேர்த்துத்தான்.

ஐ.டி.ஐ. என்றால் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இந்த மூன்றில் ஒன்று எடு. தையல் அல்லது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண்களுக்கு நல்லது என்று கவுன்சிலிங்கில் யாராவது தள்ளிவிடப் பார்ப்பார்கள், பிடிவாதமாக நில். நிறைய அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, கம்ப்யூட்டர் மூலம் இயங்குகிற சி.என்.சி. மெஷின் எல்லாம் வைத்துப் புதுக் கட்டடமே கட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா.

படிப்பு முடிந்ததும் அப்ரென்டிஸாக, அதாவது தொழில் பழகுகிற ஆளாக, எடுக்கும்போது எந்தப் பிரிவு என்பதை எழுத்தில் கேள். 'ஜெனரல்' என்று போட்டிருந்தால் லைனில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் பிரிவில் ஆள் எடுக்கும்போது இங்கேயே எழுதுகிறேன். போன மாதம்தான் மேனேஜரிடம் கேட்டேன், பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்றார். உன் விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.